வீல் நட்டை எவ்வளவு இறுக்குவது? ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வழியில் டயர் பஞ்சர் ஆகி, ஸ்டெப்னியை நீங்களே மாட்டியிருக்கிறீர்கள். கையால் இறுக்கியது போதாது என்று தோன்றியதால் ஸ்பேனர் மேல் ஏறி நின்று ஒவ்வொரு நட்டையும் மிதித்து இறுக்கியிருக்கிறீர்கள். இதைக் கேட்ட ஒரு நண்பர் ‘அதுதான் சரி, லூஸா விட்டா சக்கரம் கழண்டு ஓடிடும்’ என்கிறார், இன்னொருவர் ‘ஸ்டட் ஒடிஞ்சிடும், பார்த்துக்கோ’ என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி, ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரையுள்ள கம்பி) எண்ணெய் விடலாமா, டார்க் ரென்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று காட்டும் ஸ்பேனர்) வாங்கித்தான் ஆக வேண்டுமா?

இரண்டு பேர் சொல்வதும் சரி. லூஸாக இருந்தாலும் சக்கரம் கழலும், அளவுக்கு மேல் மிதித்து இறுக்கினாலும் கடைசியில் அதே இடத்தில்தான் போய் நிற்கும். ஏன் என்று புரிந்தால் மற்ற கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், அதனால் எண்களுக்குப் போவதற்கு முன்னால் நட்டை இறுக்கும்போது அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஆணியில் சட்டையை மாட்டுகிற மாதிரி, அந்த நான்கைந்து ஸ்டட்டுகளில் வண்டியின் எடை தொங்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டுகள் எல்லாம் சேர்ந்து சக்கரத்தை ஹப்பின் (சக்கரம் பொருந்தும், அதோடு சேர்ந்து சுழலும் பாகம்) முகத்தோடு வைத்து அழுத்திப் பிடிக்கின்றன. அந்த அழுத்தத்தால் இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே வரும் உராய்வுதான் எடையையும் பிரேக்கையும் திருப்பத்தில் வரும் தள்ளலையும் தாங்குகிறது. 12 மிமீ ஸ்டட்டில் ஒரு நட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு (டார்க், அதாவது முறுக்கும் விசையின் அலகு) இறுக்கினால், மரை காய்ந்து சுத்தமாக இருக்கும் பட்சத்தில் அது ஏறக்குறைய 4 டன் விசையோடு சக்கரத்தைப் பிடிக்கும். ஐந்து நட்டுக்கு 20 டன். அந்தச் சக்கரத்தின் மேல் நிற்கும் எடையோ சில நூறு கிலோதான். ஏன் இவ்வளவு என்று கேட்கலாம், பள்ளத்தில் விழுந்தாலும் முழு பிரேக் பிடித்தாலும் அந்த இரண்டு முகங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஒரு மயிரிழைகூட நகரக்கூடாது, அதற்குத்தான்.

இந்த 4 டன் விசை ஸ்டட்டில் எப்படித் தேங்கி நிற்கிறது? ஸ்டட் நீள்கிறது. அது ஒரு கெட்டியான ஸ்பிரிங் மாதிரி. நட்டை இறுக்க இறுக்க அது இழுபட்டு, சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருங்கப் பார்க்கும் வேகம்தான் சக்கரத்தைப் பிடிக்கும் விசை. ஆனால் அது நீளும் அளவு எவ்வளவு தெரியுமா, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப இதற்குத்தான் வருவேன். ஒரு பூச்சு பெயின்ட்டின் கனமும், ஒரு துரும்பு துருவின் கனமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதாவது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிய ஒரு துரு செதில் ஓடும்போது நசுங்கி உதிர்ந்தால், நீங்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கிய மொத்த இழுவையும் போய்விடும். நட்டு ஒரு இழைகூடத் திரும்பியிருக்காது, ஆனாலும் லூஸ்.

லூஸானால் என்ன ஆகும்? சக்கரம் ஹப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசையத் தொடங்கும். அது வரைக்கும் இழுவையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டட், இப்போது ஒவ்வொரு சுற்றிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைகிறது. சாதாரணக் கார் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 500 தடவை சுற்றும். 100 கிலோமீட்டர் போனால் 50,000 வளைவு. ஒரு கம்பியைக் கையில் வைத்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் எப்படி ஒடியுமோ அப்படித்தான். இன்னொன்றும் நடக்கிறது. இப்படிக் குறுக்காக அசையும் மூட்டில் மரையின் பிடிப்பு நழுவி, நட்டு தானாகவே திரும்பி வெளியே வரும். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-இல் இதைச் சோதித்துக் காட்டினார். நட்டுகள் கழல்வதற்கு முக்கியக் காரணம் நீளவாக்கில் வரும் அதிர்வு இல்லை, குறுக்கு அசைவுதான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. போதிய இழுவை இருந்தால் குறுக்கு அசைவே இல்லை, கழலவும் கழலாது. அதனால்தான் கார் வீல் நட்டுக்குப் பொதுவாக ஸ்பிரிங் வாஷரோ வேறு பூட்டோ கிடையாது, தேவையும் இல்லை.

சரி, அப்போது இன்னும் அதிகமாக இறுக்கினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஸ்பிரிங்கை ஓர் அளவு வரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கு வரும், அதற்கு மேல் இழுத்தால் நீண்டது நீண்டதுதான். ஸ்டட்டும் அப்படியே. எல்லையைத் தாண்டிவிட்ட ஸ்டட் அன்றைக்கு இறுக்கமாகவே தெரியும், ஒடியவும் ஒடியாது, ஆனால் இனிமேல் தாங்கும் சக்தி அதில் மிச்சமில்லை. அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை என்று மிதிக்க மிதிக்க ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் நீளும், ஒரு நாள் ஓடும்போது போகும். ஒன்று போனால் அதன் சுமை பக்கத்தில் இருப்பவற்றின் மேல் விழும், அவையும் அதே காலால் மிதிக்கப்பட்டவைதானே.

இப்போது உங்கள் கால் எவ்வளவு கொடுத்தது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டார்க் என்பது விசையை நெம்புகோலின் நீளத்தால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 25 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் நின்றாலே சுமார் 170 நியூட்டன் மீட்டர். ஸ்பேனர் அசையட்டும் என்று லேசாகக் குதித்தால் அதைவிட நன்றாகவே அதிகமாகும். ஸ்பேனரில் குழாய் செருகி அரை மீட்டர் ஆக்கிக்கொண்டு நின்றால் 340. ஆனால் 12 மிமீ ஸ்டட் உள்ள பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களின் மேனுவலில் போட்டிருக்கும் அளவு 85-இல் இருந்து 120-க்குள்தான் வரும். 14 மிமீ உள்ள பெரிய வண்டிகளில் 120-இல் தொடங்கி 200 வரைகூடப் போகும். உங்கள் வண்டிக்கு என்ன என்பதை மேனுவலில்தான் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் எண்ணை வாங்கிப் போடாதீர்கள்.

எண்ணைப் பார்க்கும்போது அலகையும் பாருங்கள். சில மேனுவலில் கிலோகிராம் மீட்டரில் இருக்கும், அதை ஏறக்குறைய பத்தால் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். ஃபுட் பவுண்டில் இருந்தால் 1.36-ஆல் பெருக்க வேண்டும். டார்க் ரென்ச்சில் இரண்டு அளவுகோலும் பக்கத்தில் பக்கத்தில் பொறித்திருக்கும், 100 நியூட்டன் மீட்டர் என்று நினைத்து 100 ஃபுட் பவுண்டில் வைத்தால் 136 ஆகிவிடும். தெரிந்த கை கூட அவசரத்தில் இதைச் செய்யும்.

அடுத்து எண்ணெய் விஷயம். இதில்தான் சண்டை அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் நட்டைத் திருப்பக் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பாகம் சக்கரத்தில் உரசுவதிலேயே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. மிச்சம் இருக்கும் பத்து சதவீதம்தான் ஸ்டட்டை இழுக்கிறது. நமக்கு வேண்டியது அந்தப் பத்து, ஆனால் ரென்ச் அளப்பது மொத்த நூறை. இப்போது மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் உராய்வு குறைகிறது, அதில் மிச்சப்படும் முறுக்கு முழுக்க இழுவையாக மாறிவிடும். ரென்ச் அதே 100-இல்தான் க்ளிக் அடிக்கும், ஆனால் ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக, சில சமயம் அதற்கும் மேலாக இழுபட்டிருக்கும். மேனுவலில் இருக்கும் எண், அதில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, சுத்தமான காய்ந்த மரைக்கு உரியது. எனவே எண்ணெய் வேண்டாம்.

‘அப்படியானால் துருப்பிடித்து நட்டு ஒட்டிக்கொள்ளுமே’ என்பார்கள். ஒட்டும்தான். அதற்கு மருந்து வயர் பிரஷ். ஸ்டட்டின் மரையைப் பிரஷால் நன்றாகத் தேய்த்து, துணியால் துடைத்து, நட்டு விரலால் கடைசி வரை ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். துருவோடு விட்டால் நடப்பது எண்ணெய்க்கு நேர் எதிர். முறுக்கெல்லாம் துருவில் உரசியே செலவாகி, ரென்ச் க்ளிக் அடித்த பிறகும் இழுவை பாதிகூட வந்திருக்காது. கழற்றுவதற்காகத் துரு இளக்கும் எண்ணெய் அடித்திருந்தால், மாட்டும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். சக்கரம் ஹப்பில் ஒட்டிக்கொண்டு வராமல் தொல்லை கொடுக்கிறது என்றால் ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டமான விளிம்பில் மட்டும் விரல் நுனியால் மெலிதாகக் கிரீஸ் தடவலாம். ஹப்பின் தட்டையான முகத்தில் படவே கூடாது, பிடிப்பு முழுவதும் அந்த முகத்தின் உராய்வில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னேனே.

ரென்ச் க்ளிக் அடித்தும் ஏமாந்த கதை எனக்கே உண்டு. பல வருடங்களுக்கு முன் என் காரில் இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு, வேறொரு வண்டியில் இருந்து வந்த அலாய் வீலைப் போட்டேன். நட்டு பழையது. மரை சரியாகப் போகிறது, ஸ்டட் நீளம் போதும், சரியான டார்க்கில் எல்லாமே அழகாக க்ளிக் அடித்தது, திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டேன். அறுபது எழுபது கிலோமீட்டர் ஓடியிருக்கும். மெதுவாக ஒரு திருப்பம் எடுக்கும்போது முன்பக்கத்தில் இருந்து டக் டக் என்று சத்தம். சஸ்பென்ஷன் என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன், அது இன்னொரு முட்டாள்தனம். நிறுத்திப் பார்த்தால் இரண்டு நட்டைக் கையாலேயே திருப்ப முடிந்தது. கழற்றியபோது ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரே ஒரு மெல்லிய வட்டக் கோடு மட்டும் பளபளவென்று தேய்ந்து, சுற்றிலும் சாம்பல் நிற அலுமினியப் பொடி. என் நட்டின் அடி உருண்டை வடிவம், சக்கரத்தின் ஓட்டை கூம்பு வடிவம். இரண்டும் ஒரு கோட்டில்தான் தொட்டிருக்கின்றன, அந்தக் கோடு நசுங்கியதும் இழுவை போயிற்று.

வீல் நட்டின் அடி மூன்று விதமாக வரும். கூம்பு, இதுதான் அதிகம், பெரும்பாலும் 60 டிகிரி. உருண்டை, ஹோண்டாவின் கம்பெனி சக்கரங்களிலும் ஃபோக்ஸ்வேகன் போல்ட்டுகளிலும் பார்க்கலாம். தட்டை, வாஷரோடு வருவது, டொயோட்டாவின் பல கம்பெனி அலாய்களில் உண்டு. ஒன்றுக்கு இன்னொன்று சரிவராது. சக்கரத்தை மாற்றினால் நட்டும் அந்தச் சக்கரத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்து மற்ற நான்கும் அலாயாக இருந்தால், ஸ்டெப்னிக்கு எந்த நட்டு என்பதை வீட்டில் இருக்கும்போதே மேனுவலில் பார்த்து வையுங்கள், நடுவழியில் தேட வேண்டாம்.

மரையும் அப்படித்தான். 12 மிமீ என்றால் எல்லாம் ஒன்று இல்லை. டொயோட்டா, ஹோண்டா பெரும்பாலும் 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்), சுசுகி, நிசான், சுபாரு பெரும்பாலும் 1.25. ஒன்றை இன்னொன்றில் போட்டால் இரண்டு மூன்று சுற்று ஒழுங்காகப் போவது போல இருந்து பிறகு சிக்கும். அங்கே டயர் கடையில் காற்றழுத்தத்தால் நட்டைத் திருப்பும் ஏர் கன்னை வைத்தால் முடிந்தது கதை, மரையை அரைத்துக்கொண்டே உள்ளே போய் ‘நல்லா டைட்டா இருக்கு’ என்று ஏமாற்றும். அதனால்தான் முதல் சில சுற்றுகளை எப்போதும் விரலாலேயே போட வேண்டும் என்று சொல்வது. விரலில் போகவில்லை என்றால் ஏதோ தப்பு. நட்டு எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்றும் ஒரு கணக்கு உண்டு. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடிக்க வேண்டும், 12 மிமீ ஸ்டட்டில் 1.5 பிட்ச்சுக்கு 8 முழுச் சுற்று, 1.25 பிட்ச்சுக்குப் பத்து. வீல் ஸ்பேசர் போட்டு சக்கரத்தை வெளியே தள்ளியிருப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்தால் சிலருக்குத் தூக்கம் போய்விடும்.

இப்போது மாட்டும் முறை. வண்டி சமதரையில், ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலோ பார்க்கிலோ, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டையோ கல்லோ வைத்து நிறுத்துங்கள். ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்று மட்டும் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு பலம் போட்டு இழுத்தால் வண்டி ஜாக்கியில் இருந்து நழுவலாம். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் தலையோ காலோ போகவே கூடாது. கழற்றிய பிறகு ஹப்பின் முகத்தையும் சக்கரத்தின் பின்முகத்தையும் பிரஷால் தேய்த்து, மண், துரு, பழைய பெயின்ட் துணுக்கு எல்லாவற்றையும் எடுங்கள். வழியில் அவசரமாக மாற்றும்போது பிரஷ் இல்லை என்றால் துணியாலாவது துடைத்துவிட்டு, வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ரிம் என்றால் நட்டு உட்காரும் இடத்திலும் பின்முகத்திலும் பெயின்ட் தடிமனாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஞாபகம் இருக்கிறதல்லவா.

சக்கரத்தை ஹப்பில் உட்கார வைத்து, எல்லா நட்டையும் விரலால் ஓட்டிவிட்டு, சக்கரம் காற்றில் இருக்கும்போதே ஸ்பேனரால் மிதமாக, கை அழுத்தத்தில் மட்டும், எதிரெதிராக இறுக்குங்கள். நான்கு நட்டு என்றால் பெருக்கல் குறி போல. ஐந்து என்றால் ஒன்று விட்டு ஒன்று, அதாவது 1, 3, 5, 2, 4, கையால் நட்சத்திரம் வரைவது மாதிரி வரும். ஆறு என்றால் ஒன்றுக்கு நேர் எதிர், பிறகு அதற்குப் பக்கத்தில் இருப்பதற்கு நேர் எதிர். இது ஏதோ சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். முதல் நட்டையே முழுசாக இறுக்கிவிட்டால் சக்கரம் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் மயிரிழை இடைவெளியோடு சாய்ந்து நிற்கும். வரிசையாகச் சுற்றி வந்து மற்றவற்றை இறுக்கும்போது அந்தச் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும், நிமிரும்போது முதலில் இறுக்கியது தளர்ந்துவிடும். நீங்களோ அதை முடித்துவிட்டோம் என்று அப்பால் போயிருப்பீர்கள்.

அப்புறம் ஜாக்கியை இறக்கி, டயர் தரையில் பட்டு சக்கரம் சுற்றாத அளவுக்கு வந்ததும், அதே வரிசையில் பாதி டார்க்கில் ஒரு சுற்று, முழு டார்க்கில் இன்னொரு சுற்று. கடைசியில் அதே அளவில் வரிசையாக ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முழு எடையும் இறங்கிய பிறகுதான் முதல் இறுக்கமே என்று செய்யாதீர்கள். சக்கரம் நடுவில் சரியாக உட்காராமலே மாட்டிக்கொள்ளும்.

ஒரே அளவு இறுக்கம் என்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு நட்டு 80-இலும் அடுத்தது 200-இலும் இருந்தால், நடுவில் மாட்டியிருக்கும் பிரேக் டிஸ்க் லேசாக ஆடும் அளவுக்கு ஹப் கோணும். அன்றைக்கே தெரியாது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடி, அந்த ஆட்டத்தால் டிஸ்க்கின் கனம் ஓரிடத்தில் குறைந்து ஓரிடத்தில் அப்படியே இருந்து, பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கும். ஆள் டிஸ்க்கை மாற்றுவார், மறுபடியும் அதே ஏர் கன்னால் மாட்டுவார், மறுபடியும் நடுங்கும்.

ஏர் கன் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. கழற்ற அது அருமையான கருவி, ஓட்டி உட்கார வைக்கவும் சரி. கடைசி இறுக்கத்தை அதன் கையில் விடக்கூடாது என்பதுதான் விஷயம், ஏனென்றால் காற்றழுத்தம், எத்தனை வினாடி அடித்தார்கள், சாக்கெட் எப்படி என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நட்டுக்கும் ஒவ்வொரு அளவு விழும். டயர் கடையில் ‘கடைசியா டார்க் ரென்ச் போட்டுடுங்க’ என்று கேளுங்கள். கன்னால் முழுசாக இறுக்கிய பிறகு ரென்ச்சை வைத்து டக் என்று க்ளிக் காட்டுவார்கள், அதில் அர்த்தமே இல்லை. ஏற்கனவே 250-இல் இருக்கும் நட்டு 100-இலும் க்ளிக் அடிக்கத்தானே செய்யும். க்ளிக் வருவதற்கு முன் நட்டு கொஞ்சமாவது திரும்ப வேண்டும், அப்போதுதான் அது அளவு.

டார்க் ரென்ச் வாங்க வேண்டுமா? வருடத்துக்கு இரண்டு தடவையாவது நீங்களே சக்கரத்தைத் தொடுகிறீர்கள் என்றால் வாங்குங்கள், விலை உயர்ந்தது தேவையில்லை. நல்ல க்ளிக் ரென்ச்சில் பிழை 4 சதவீதத்துக்குள் இருக்கும், வீல் நட்டுக்கு அது தாராளம். பிடிக்க வேண்டிய இடத்தில், கைப்பிடியின் நடுவில் பிடித்து, ஒரே சீராக இழுங்கள். முதல் க்ளிக்கில் நிறுத்துங்கள். நிறையப் பேர் உறுதிக்காக இரண்டு மூன்று தடவை க்ளிக் க்ளிக் என்று இழுப்பார்கள், ஒவ்வொரு இழுப்பும் நட்டை இன்னும் கொஞ்சம் திருப்பும். நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வையுங்கள், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுந்தியே கிடந்தால் அளவு மாறும். பட்டறையில் தினமும் பயன்படுத்துவதை, டார்க் ரென்ச்சுகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 6789 சொல்கிறபடி 5000 இழுப்புக்கோ 12 மாதத்துக்கோ ஒரு தடவை சரிபார்க்க வேண்டும்; வீட்டு ரென்ச் அவ்வளவு உழைக்காது.

ரென்ச் இல்லாமல் நடுவழியில் நிற்கும்போது? கணக்குத் தெரிந்தால் சமாளிக்கலாம். 35 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியைக் கையால் சுமார் 30 கிலோ விசையோடு இழுத்தால் 100 நியூட்டன் மீட்டர் சுமாராக வரும். 30 கிலோ என்பது நல்ல பலத்தோடு, ஆனால் முழு உடம்பையும் போடாமல் ஒரு கையால் இழுப்பது. ஸ்பேனர் குட்டையாக இருந்தால் இரண்டு கை. கால் வேண்டாம், குழாய் வேண்டாம். இது மதிப்பீடுதான், வீடு போனதும் முதல் வேலையாக ரென்ச்சால் சரிபார்க்க வேண்டும்.

ரென்ச்சால் போட்டிருந்தாலும்கூட, சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50-இல் இருந்து 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை மீண்டும் பாருங்கள். காரணம் மேலே சொன்னதுதான், பெயின்ட்டும் துருவும் உட்கார்ந்து அழுந்தும். சக்கரம் ஆறியிருக்கும்போது, வண்டி தரையில் நிற்கும்போது, அதே அளவில் ரென்ச் வைத்தால் போதும், தளர்த்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டியதில்லை. எல்லாம் அசையாமல் க்ளிக் அடித்தால் சரி. ஒன்று மட்டும் கொஞ்சம் திரும்பினால் அதுவும் சகஜம். எல்லாமே நன்றாகத் திரும்பினால், அல்லது இன்னொரு 100 கிலோமீட்டர் கழித்தும் திரும்பினால், இறுக்குவதை நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும், உள்ளே ஏதோ பொருந்தவில்லை.

ஓட்டும்போது தெரியும் அடையாளங்களில் முதலாவது நான் அலட்சியம் செய்த அந்த டக் டக். மெதுவான வேகத்தில், திருப்பத்தில், சக்கரத்தின் சுற்றோடு சேர்ந்து வரும், வேகம் கூடினால் மறைந்தும் போகலாம், மறைந்தது என்பதால் நிம்மதி அடையக் கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் திடீரென்று ஸ்டீயரிங் ஆட்டம் வந்தாலும் நிறுத்திப் பாருங்கள். நின்றிருக்கும் வண்டியில், நட்டின் அடியில் இருந்து வெளிப்பக்கமாக ஓடும் துருக் கோடும், அலாய் என்றால் நட்டைச் சுற்றி சாம்பல் பொடியும், நட்டுக்குப் பக்கத்தில் பெயின்ட் உரசிப் பளபளக்கும் இடமும் எச்சரிக்கை. லூஸாக ஓடி ஓட்டை நீள்வட்டமாகிவிட்ட ரிம்மை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். அதில் இருந்த ஸ்டட்டுகளையும் ஒன்று விடாமல் மாற்றிவிடுங்கள், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே விரிசல் தொடங்கியிருக்கும்.

லாரி, பஸ் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை, அங்கே 22 மிமீ ஸ்டட், 600 நியூட்டன் மீட்டரைத் தாண்டும் டார்க், இரட்டைச் சக்கரம் என்று எல்லாமே வேறு. நட்டுகளின் மேல் மஞ்சள் நிறத்தில் அம்புக்குறி போல பிளாஸ்டிக் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், நட்டு திரும்பினால் அம்பு வரிசை கலைந்து தூரத்தில் இருந்தே தெரியும். ஒரு சின்னத் தகவல் மட்டும்: பழைய கனரக வண்டிகள் சிலவற்றிலும், 1970-களின் தொடக்கம் வரை வந்த சில கிரைஸ்லர் கார்களிலும் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருந்தது. ஸ்டட்டின் நுனியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருந்தால் கழற்றும் திசை நேர் எதிர். பழைய வண்டி பிரியர்கள் இது தெரியாமல் நட்டோடு மல்லுக்கட்டி ஸ்டட்டை ஒடித்துக்கொள்வது உண்டு.

இனி உங்கள் வண்டி. மிதித்து இறுக்கிய அந்த நட்டுகளை அப்படியே விடாதீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்சத்திர வரிசையில் எல்லாவற்றையும் சிறிது தளர்த்தி, வண்டியைத் தூக்கி, ஒவ்வொரு நட்டையும் முழுசாகக் கழற்றுங்கள். சக்கரத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்டட்டிலும் அதன் நட்டைத் தலைகீழாகத் திருப்பாமல் விரலாலேயே அடி வரை ஓட்டிப் பாருங்கள். சுத்தம் செய்த மரையில் பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போன நட்டு ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஸ்டட் அங்கே நீண்டிருக்கிறது, மரையின் இடைவெளி மாறிவிட்டது. அதை மாற்றுங்கள், நட்டோடு சேர்த்து. எல்லாம் வழுக்கிக்கொண்டு போனால் மாட்டி, மேனுவல் எண்ணுக்கு ரென்ச்சால் இறுக்குங்கள். இறுக்கும்போது ஒரு நட்டு மட்டும் திரும்பிக்கொண்டே இருந்து, கைக்கு மெத்தென்று இருக்கிறதே தவிர க்ளிக் வரவில்லை என்றால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள், அந்த ஸ்டட் உங்கள் கண் முன்னால் நீண்டுகொண்டிருக்கிறது.